ஒலி அட்டையிலிருந்து தொடங்குவோம்

பழைய கணினி ஒன்றைப் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்து, அதில் பழைய விளையாட்டுகளை ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நண்பர்கள் சிலரைப் பிடித்திருக்கிறது. நம்மையும் அது விடவில்லை. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாகங்களைத் தேர்வதில் இவர்கள் செய்யும் பிழையும், பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுந்தவர் செய்யும் பிழையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

‘அந்தக் காலத்தில் கைக்கு எட்டாததை இப்போது வாங்கிவிடுவோம்’ என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, ஒரு கிகாபைட் நினைவகம், சந்தையில் அகப்படுவதிலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் அட்டை. பிறகு 1990இல் வெளிவந்த விங் கமாண்டரை ஏற்றுகிறார்கள். அது ஓடும், ஓடுவதென்ன, பறக்கும். அதன் வேகம் கடிகாரத்தை நம்பியிராமல் அக்காலச் செயலியின் மந்தத்தை நம்பியிருந்தது. எதிரிக் கலத்தைக் கண்ணால் காணுமுன் நாம் செத்திருப்போம். டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட நிரல்கள் பல, வேகமான செயலியில் தொடங்கும்போதே ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். செயலியின் வேகத்தை அளக்க அவை செய்யும் வகுத்தலின் விடை, அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போவதே காரணம். விண்டோஸ் 98இன் கதை இன்னும் விசித்திரம். 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் கொடுத்தால், நினைவகம் போதவில்லை என்று அது புலம்பக்கூடும். செல்வம் மிகுந்து வறுமையுற்றவர்களைக் கதைகளில் படித்திருக்கிறோம். கணினியில் கண்டது இதுவே முதல்முறை.

ஆகவே முதலில் தேர வேண்டியவை விளையாட்டுகள். நாம் நான்கை எழுதிவைத்துக்கொண்டோம்: டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 1993இன் டூம், 1997இன் நீட் ஃபார் ஸ்பீடு 2 சிறப்புப் பதிப்பு. முதல் இரண்டும் தமிழ்நாட்டுக் கணினிப் பயிற்சி நிலையங்களில் ஒரு தலைமுறையே ஆசிரியருக்குத் தெரியாமல் ஆடியவை. இந்த நான்கும் ஒரே பெட்டியில் அடங்க வேண்டும் என்றால் 233 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் எம்எம்எக்ஸ் போதும். அதன் உள்தேக்ககமான கேஷை அணைத்துவிட்டால் வேகம் சரிந்து ஏறத்தாழ 386இன் நடைக்கு வந்துவிடுகிறது. குதிரைக்குக் கால்விலங்கு பூட்டுவது போலத்தான். ஆனாலும் டர்போ பொத்தான் இருந்த பழைய பெட்டிகள் செய்ததும் இதுவேயன்றி வேறில்லை. (அந்தப் பொத்தானின் உண்மையான பயன் வேகத்தைக் கூட்டுவதன்று, குறைப்பதே. பெயரிட்டவர் கவிஞராக இருந்திருக்க வேண்டும்.)

அடுத்தது மதர்போர்டு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ‘தாய்ப்பலகை’ என்று நல்ல கலைச்சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சென்னை ரிச்சி தெருவில் தாய்ப்பலகை கேட்டால் தச்சுப்பட்டறைக்கு வழி சொல்லிவிடுவார்கள். நாம் சொல்வது, அதையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒலி அட்டையை வாங்குங்கள்.

காரணத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். டாஸ் காலத்து விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் இசை ஒலிப்பதிவாக இருப்பதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பாட வேண்டியது அட்டை. 1987இல் வந்த ஆட்லிப் அட்டையில் யமஹாவின் ஓபிஎல்2 சில்லு அமர்ந்திருந்தது. 1989இன் சவுண்ட் பிளாஸ்டரும் அதையே பின்பற்றியது. பின்னர் ஓபிஎல்3 வந்தது. அதே 1987இல் வந்த ரோலண்ட் எம்டி-32 பெட்டியில் அதே குறிப்பு வேறொரு கச்சேரியாக மாறும். சுரக்குறிப்பு ஒன்றுதான், ஆனால் பாடுபவர் மாறினால் கீர்த்தனையே மாறிவிடுவதை நாம் அறிவோம் அல்லவா?

சிக்கல் இனிமேல்தான். சவுண்ட் பிளாஸ்டர் 16 என்பது ஒரே அட்டையின் பெயரன்று. 1992 தொடங்கிப் பல வார்ப்புகள் அந்தப் பெயரில் வந்தன. சிலவற்றில் யமஹாவின் சில்லு இருக்கும். பிற்காலத்தவை சிலவற்றில் அதைப் போலிசெய்யும் வேறொன்று இருக்கும். போலியின் குரலில் உயர்ந்த சுரங்கள் தகரத்தைத் தட்டியதுபோல் கணீரென்று காதைக் குடையும். பெட்டியின் மேலட்டையைப் பார்த்து வாங்கினால் ஏமாந்தோம். சில்லின் மேல் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாக வேண்டும். நூற்பெயரை மட்டும் பார்த்து மூலநூல் என்று நம்பியவர், உள்ளே இடைச்செருகலைக் கண்டு திகைப்பது போன்றது இது. எழுத்தைப் படிக்காமல் ஏட்டை எடை போட முடியாது.

இத்தகைய அட்டை அமர்வதற்கு ஐஎஸ்ஏ செருகுவாய் வேண்டும். பிசிஐ ஒலி அட்டைகள் டாஸில் ஏதோ ஒரு துணைநிரலின் தயவில் ஒலிக்கும். பல விளையாட்டுகளில் ஒலிக்கவே ஒலிக்காது. ஐஎஸ்ஏ செருகுவாயோ 2000ஐ ஒட்டி மதர்போர்டுகளிலிருந்து மெல்ல மறைந்துபோயிற்று. ஆக, ஒலி அட்டை பலகையை முடிவுசெய்கிறது, பலகை செயலியை முடிவுசெய்கிறது. வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

கிராபிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு பரிமாணத்துக்கு எஸ்3யின் சாதாரண பிசிஐ அட்டை ஒன்று போதும். முப்பரிமாணத்துக்கு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ. அந்நிறுவனம் 2000இன் இறுதியில் தன் உடைமைகளை என்விடியாவுக்கு விற்க இசைந்து மறைந்தது; ‘கிளைடு’ என்ற அதன் மொழியைப் பேசும் விளையாட்டுகள் மட்டும் அநாதைகளாக நிற்கின்றன. அவற்றுக்கு மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் உண்டு. விலையைப் பார்த்தால் மொழிபெயர்ப்பே மேல் என்று நமக்கே சில நாள் தோன்றுகிறது.

திரை விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறோம். டூமின் படம் 320க்கு 200 புள்ளிகள் கொண்டது. ஆனால் அது 4:3 விகிதத் திரையை நிரப்புமாறு வரையப்பட்டது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரம் கூடியது. இன்றைய அகலத்திரையில் புள்ளிகளைச் சதுரமாக்கிக் காட்டினால் அரக்கர்கள் எல்லாரும் குட்டையாகிவிடுகிறார்கள். திரை முழுதும் இழுத்தாலோ தொந்தி வைத்துவிடுகிறது. பழைய குழல் மானிட்டர் கிடைத்தால் உத்தமம். கிடைக்காதவர்கள் 4:3 எல்சிடியாவது தேட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வன்தட்டில் தூய்மைவாதம் வேண்டவே வேண்டாம். முப்பது வயதான வன்தட்டு இன்றோ நாளையோ என்றிருப்பது. சிறு இணைப்பி ஒன்றை வைத்து அந்த இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் செருகிவிடலாம். அந்தக் கரகரப்பு இல்லாமல் என்ன சுகம் என்று கேட்கும் நண்பரிடம் நமக்கு வாதமில்லை. பவர் சப்ளையும் அப்படியே; பழையதை நம்பக் கூடாது. ஆனால் புதியதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தவும் கூடாது. அக்காலப் பலகைகள் 5 வோல்ட்டை நிறையக் குடிக்கும். இன்றையவை 12 வோல்ட்டில்தான் வள்ளல்கள். ஏடி வகைப் பலகையில் மின்சாரம் இரண்டு தனித்தனிச் செருகிகளாக வரும். இடம் மாற்றிச் செருகினால் பலகை போயிற்று. ரிச்சி தெருவில் முதியவர் ஒருவர் நமக்குச் சொன்ன சூத்திரம்: “கறுப்பும் கறுப்பும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும் சார். அவ்ளோதான்.” இதைவிடச் செறிவான நூற்பாவை நாம் எந்த இலக்கணத்திலும் கண்டதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. 386, 486 பலகைகளில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து தாமிரத் தடங்களை அரித்துவிடும். சுவடிக்குச் செல் எப்படியோ அப்படி. அத்தகைய பலகை கைக்கு வந்த அன்றே, விளையாட்டெல்லாம் பிறகு, அதை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

2009இல் நம் கல்லூரி ஆய்வகத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கணினிகள் எடைக்குப் போயின. இன்று நாம் அலைந்து தேடும் அதே பலகைகள், அதே அட்டைகள். வராந்தாவில் குவித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனோம். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்ட செய்தியை உ.வே.சா. ‘என் சரித்திர’த்தில் எழுதியிருப்பதை அந்த வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்லியும் இருப்போம். வாய் திறந்து ஒன்றையேனும் கேட்டு வாங்கவில்லை. எடைக்குப் போட்டவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

அதனால்தான் இன்னொன்றிலும் கண்டிப்பாக இருக்கிறோம். முழுதாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியைப் பிரித்து, கிராபிக்ஸ் அட்டையை ஓரிடத்திலும் செயலியை வேறிடத்திலும் விற்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. துண்டுகளாக விற்றால் விலை அதிகம். வாங்குபவர்கள் இருப்பதால்தான் பிரிக்கிறார்கள். முழுக் கணினி அகப்பட்டால் அதை அப்படியே வாங்கி, அதற்கேற்ற விளையாட்டுகளை ஆடுவதே முறை. நம் பட்டியலுக்காக இன்னொரு முழுமையைச் சிதைக்கலாகாது.

இத்தனை பாடு எதற்கு, 2002இலிருந்து டாஸ்பாக்ஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆட்டம் மட்டுமே நோக்கம் என்றால் டாஸ்பாக்ஸே போதும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறோம். படிப்பதற்கு அச்சுநூல் இருக்க ஏட்டைத் தேடுவாரில்லை. ஆனால் அச்சில் ஐயம் எழும்போது எதை வைத்துத் தெளிவது? அந்தச் சில்லு எந்தச் சுரத்தை எப்படிப் பாடிற்று என்பதை மென்பொருள் எழுதுபவர்களும் சில்லிடமே கேட்டுத்தான் அறிந்துகொண்டார்கள்.

நம் பெட்டி இப்போது மேசைமேல் திறந்து கிடக்கிறது. ஓபிஎல்3 உள்ள அட்டை ஒன்று மூன்று மாதத் தேடலுக்குப் பின் கிடைத்தது. டூமின் முதல் நிலத்து இசை சரியாகவே ஒலிக்கிறது. வூடூவையும் எஸ்3யையும் வெளிப்புறமாக இணைக்கும் குட்டை விஜிஏ கம்பிதான் இன்னும் அகப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு மீண்டும் போகிறோம்.