வரலாறு பயின்றால் வாழ வழியுண்டா?

தில்லியில் வாழும் நம் அன்பர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய புதல்வி, கல்லூரியில் வரலாற்றையே சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்க விரும்புகிறாளாம். "ஒருவர் ஊதியத்தில் நடக்கும் குடும்பம் எங்களுடையது. படித்து முடித்தபின் அவளுக்குப் பிழைக்க வழி உண்டா? எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?" என்று வினவுகிறார். சொந்த ஊரில் நிலமும் வீடுமின்றி, பிள்ளைகளின் கல்வியையே சொத்தாகக் கருதும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆதலின் விடையைப் பொதுவிலேயே கூறுகிறோம்.

முதலாவது, கல்லூரி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே சேர்க்கைக்கு முதன்மையான அளவுகோலாக இருந்து வருகிறது. அத்தேர்வில் எழுதத்தக்க மொழிப் பாடங்களுள் தமிழும் ஒன்று என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

1881-இல் தோன்றிய ஸ்டீபன்ஸ் கல்லூரி, 1899-இல் தோன்றிய இந்துக் கல்லூரி, 1948-இல் தோன்றிய மிராண்டா மாளிகை ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே பெற்றோர் மனம் பூரிக்கிறது. அங்கு இடம் கிடைத்தால் நன்றே. கிடைக்காவிடில் மனமுடைய வேண்டுவதில்லை. இப்பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கெல்லாம் பாடத்திட்டம் ஒன்றே. பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகமே. வரலாற்றுத் துறையில் நிலையான ஆசிரியர்கள் உளரா, நூலகம் மாணவருக்குத் தாராளமாகத் திறந்திருக்கிறதா, வீட்டிலிருந்து நாள்தோறும் போய்வரும் நேரம் எவ்வளவு என்ற மூன்றையும் நேரில் சென்று விசாரியுங்கள். நாளில் மூன்று மணி நேரத்தைப் பேருந்திலும் மெட்ரோவிலும் இழக்கும் மாணவிக்குப் படிக்க நேரம் ஏது?

இரண்டாவது, பிழைப்பு. உண்மையை மறைப்பதில் பயனில்லை. பொறியியல் பட்டத்தைப்போல வரலாற்றுப் பட்டம் தானே ஒரு தொழிலைத் தந்துவிடாது. அதற்குமேல் இன்னொரு படி ஏறியே தீரவேண்டும். ஆசிரியப் பணிக்குப் பி.எட். வேண்டும். கல்லூரி ஆசிரியராக முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆயினும் அங்கு வரலாறு பொதுத் தாள்களிலும் வருகிறது, விருப்பப் பாடமாகவும் அமைகிறது. புது தில்லி தேசிய ஆவணக் காப்பகம், ஆவணங்களைப் பேணும் கலையில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. தொல்லியலை நாடுவோர், முதுகலைக்குப் பின் கிரேட்டர் நொய்டாவிலுள்ள தொல்லியல் நிறுவனத்தில் ஈராண்டுப் பட்டயம் பயிலலாம். எந்தப் படி என்பதை இரண்டாம் ஆண்டிலேயே தீர்மானித்துக்கொள்ளும் மாணவர் தடுமாறுவதில்லை.

மூன்றாவதாகக் கூறப்போவதே நம்மவர்க்கு மிக முக்கியமானது. மேற்சொன்ன தொல்லியல் நிறுவனத்தில் சேர்வதற்கான தகுதிப் பாடங்களைக் குறித்து 2020-இல் வெளிவந்த அறிவிப்பில் செம்மொழிகள் சில இடம்பெற்றிருக்க, தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் தமிழும் சேர்க்கப்பட்டது. கதவு திறந்துவிட்டது, உள்ளே நுழையத் தமிழ் அறிந்த பிள்ளைகள் வேண்டாவோ?

சோழர், பாண்டியர் காலத்து நிலமும் வரியும் ஊராட்சியும் கோயிற் சுவர்களில் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் திறந்து பார்ப்போர் இதனை அறிவர். ஜப்பானியரான நொபொரு கராஷிமா தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 2013-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. கடல் கடந்தவர் முயன்று கற்ற மொழி நம் வீட்டுக் கூடத்தில் பேசப்படுகிறது. ஆயினும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனைத் தடையின்றிப் படிக்க வல்லவர்? பேசுகிறார்கள், எழுத்தைக் கண்டால் தயங்குகிறார்கள். குறை அவர்களுடையதன்று, வேலைக்கு உதவாது என்று நாமே அதை ஒதுக்கிவைத்தோம்.

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு எம் விடை இது: மகளைத் தடுக்காதீர். எட்டிய கல்லூரியில் வரலாற்றைப் படிக்கட்டும். மேற்படிப்புக்கான பொருளை இன்றே சிறுகச் சிறுகச் சேர்த்து வையுங்கள். செலவு முதற் பட்டத்தோடு முடிவதில்லை. நுழைவுத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் ஓய்வில், இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் அவளோடு அமர்ந்து ஒரு தமிழ் நூலை வாய்விட்டுப் படியுங்கள். கல்லூரி எதுவாயினும், இந்த அரைமணி நேரப் பாடத்தை நடத்த வேண்டியவர் தாங்களே.