பதிவேடு உங்கள் அலுமாரியில் இருக்கிறது

குடிவரவு, குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் அவர்களுக்கு,



பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்காகவும், பிழையான பத்திரத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அயல் தோட்டங்களில் உள்ளவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன்.

இந்த நாட்டில் பெரும்பாலானோருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே போதும். பிரஜாவுரிமைப் பத்திரம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களான எங்கள் ஆட்களுக்கு அது தேவைப்பட்டது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால். இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. (அதற்குக் கைதூக்கியவர்களில் எத்தனை பேர் தங்கள் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்டியிருப்பார்களோ!) பிறகு வந்தவையெல்லாம் அந்தக் கிழிசலுக்குப் போட்ட ஒட்டுகள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை தவணை கொடுத்தார்கள். பதிவானவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். அப்புறம் 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள். ஆகவே ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கும் மூன்று குடும்பங்களின் கையில் மூன்று சட்டங்களின் பத்திரங்கள் இருக்கும்.

அவை எப்படித் தொலைகின்றன என்று கேட்பீர்கள். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே எரிகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடுகளோடு பத்திரம் வைத்திருந்த பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. இதெல்லாம் ஊரறிந்த இழப்பு. ஊரறியாதது, நம்பிக் கொடுத்துத் தொலைப்பது. ஆபீஸில் கேட்டார்கள் கொடுத்தோம், தோட்டத் தலைவர் கொண்டுபோனார், போட்டோக் கொப்பி எடுக்கக் கொடுத்தோம் என்பார்கள். அந்தத் தலைவரும் இன்று இல்லை, அந்த ஆபீஸும் இன்று இல்லை.

தொலைத்தவர் கருமபீடத்தில் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, பத்திர இலக்கம் என்ன என்பது. இலக்கம் பத்திரத்தில் அல்லவா இருந்தது! அதிலும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தகப்பனின் விண்ணப்பத்திலேயே மனைவியும் சிறு பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். அன்று மடியில் இருந்த பெண்பிள்ளைக்கு இன்று எழுபத்தைந்து வயதுக்கு மேல். அந்த மூதாட்டி எந்தச் சட்டம், எந்த ஆண்டு, என்ன இலக்கம் என்று எப்படிச் சொல்வார்? அவரைக் கேட்டால் தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் சொல்வார். அதுவும் ஜனங்கள் கூப்பிடும் பெயராக இருக்கும். அந்தத் தோட்டங்களும் பழையபடி இல்லை: 1972இலும் 1975இலும் அவற்றை அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. இடையில் எத்தனையோ டிவிஷன்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன, சில காடாகிப் போயின.

பிழையான பத்திரம் தொலைந்த பத்திரத்தைவிடப் பொல்லாதது. அந்தக் காலத்துக் கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார். எனக்குத் தெரிந்த ஒரு கருப்பாயி, பத்திரத்தில் கருப்பையாவாக இருக்கிறார். ஓரிரு எழுத்தில் பெண் ஆணாகிவிட்டார். வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோதுதான் வெளியில் வந்தது. அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு பெயர், பத்திரத்தில் ஆண் பெயர். முப்பது வருடம் கொழுந்து பறித்த காசு பெயர் பொருந்தாமல் நிற்கிறது. வீட்டுக் காணி உறுதியிலும் இதே சிக்கல் வரும். பேத்தி கடவுச்சீட்டுக்குப் போனால் அங்கேயும் வரும்.

திருத்தப் போனால் கிராம உத்தியோகத்தர் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, பிறப்புப் பத்திரம் என்று கேட்கிறார்கள். அந்தப் பிறப்புப் பத்திரத்திலும் பிழை. அதைத் திருத்தப் போனால் வேறு ஆவணம் கேட்கிறார்கள். பத்தரமுல்லையில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் அன்றைக்குப் பேர் (நாள் சம்பளம்) இல்லை, அரைப்பேர்கூட விழாது.

ஆள்மாறாட்டம் நடக்கும் என்ற உங்கள் அதிகாரிகளின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. இடைத்தரகர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சத்தியக் கடதாசியைக் காசு கொடுத்தால் எழுதி வாங்கலாம். 1950இல் எழுதிய விண்ணப்பத்தில் உள்ள குடும்பப் பெயர்ப்பட்டியலை இன்று யாரும் வாங்க முடியாது. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள், தோட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதை வைத்து விண்ணப்பதாரரைக் கேள்வி கேளுங்கள். உண்மையான ஆள் தடுமாறாமல் பதில் சொல்வார்.

ஆகவே ஐயா, தேடும் வேலையைத் திணைக்களம் ஏற்க வேண்டும். பத்திரம் தொலைந்தவர் பிரஜாவுரிமையைத் தொலைக்கவில்லை, அதன் ஒரு பிரதியைத்தான் தொலைத்திருக்கிறார். மூலம் உங்களிடம் இருக்கிறது. இலக்கம் இல்லாவிட்டாலும் தகப்பன் பெயரையும் தோட்டத்தையும் கொண்டு தேடும்படி பழைய பதிவேடுகளுக்கு ஒரு அட்டவணை போடுங்கள். எழுதியவரின் பிழையென்று பதிவேட்டிலிருந்தே தெரிந்தால் கட்டணம் வாங்காமல் திருத்துங்கள். புதிய பத்திரத்தில் பெயரைத் தமிழிலும் போட்டு, கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியையும் பிரஜைகள் என்றது. அந்த ஆண்டு சில நாட்களிலேயே ஏறத்தாழ 190,000 பேர் பிரகடனப் படிவம் பெற்றார்கள். படிவம் அன்று ஜனங்களைத் தேடி வந்தது. அதே போல நுவரெலியாவிலும் பதுளையிலும் நடமாடும் சேவை ஒன்றை நடத்தலாமே.

பழைய தோட்டப் பெயர்களை இன்றைய பெயர்களோடு பொருத்திப் பார்க்க ஆள் இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தோட்டக் கிளாக்கர்மாரும் எல்லா ஊரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். சம்பளம் வேண்டாம், மதியச் சோறும் பஸ் காசும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்