உங்க நுரையீரல் ஃபைலுக்கு யார் ஓனர்?

1/ கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு உங்க நெஞ்சு எக்ஸ்ரேக்கு வரப்போறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலைத் திறந்தா, உள்ளே இருக்கிற கெர்னல் வாசல்ல நின்னு கேட்கும்: நீ இதோட ஓனரா? இல்லைன்னா, இதுக்கான குரூப்ல இருக்கியா? அதுவும் இல்லைன்னா நீ 'மற்றவர்'. படிக்க, எழுத, இயக்க என்று மூணு தரப்புக்கும் தனித்தனி அனுமதி. 1970-களில் யூனிக்ஸ்ல உருவான முறை இது.

3/ இதுல ஒரு விசித்திரம். ஓனர்னு தெரிஞ்சதும் கெர்னல் ஓனருக்கான அனுமதியை மட்டும்தான் பார்க்கும். அங்கே 'படிக்கக் கூடாது'ன்னு இருந்தா, குரூப்புக்குத் திறக்கிற ஃபைல்கூட ஓனருக்குத் திறக்காது. ஆனா அந்த அனுமதியை மாத்துற அதிகாரம் ஓனருக்கு உண்டு.

4/ சரி, யார் ஓனர்? பொதுவா ஃபைலை உருவாக்கினவர். அது யாரைப் பத்தினதுன்னு கெர்னலுக்குத் தெரியாது. எச்.ஆர். லாகின்ல உருவானா எச்.ஆர். தான் ஓனர், உள்ளே இருக்கிறது உங்க நுரையீரலா இருந்தாலும்.

5/ சட்டம் அப்படிப் பார்க்கலை. போபாலுக்குப் பிறகு, 1987-ல தொழிற்சாலைகள் சட்டத்துல 41-சி பிரிவு வந்தது. அபாயகரமான தொழில்ல ரசாயனமும் நச்சுப்பொருளும் படுற தொழிலாளியோட மருத்துவப் பதிவை நிர்வாகம் பராமரிக்கணும். விதிகளுக்கு உட்பட்டு அவர் அதைப் பார்க்க வழி இருக்கணும். சட்டங்கள் புதுத் தொகுப்பா மாறினாலும் இந்த உரிமை தேயக் கூடாது.

6/ ஏன் இவ்வளவு சொல்றேன்? ஃபவுண்டரி மணல் தூசியால வர்ற சிலிகோசிஸ் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான் தலைகாட்டும். ஒப்பந்தத் தொழிலாளி அதுக்குள்ள எத்தனை கம்பெனி மாறியிருப்பார்! "வேலைக்குச் சேர்ந்தப்போ எக்ஸ்ரே எப்படி இருந்துச்சு?"ன்னு டாக்டர் கேட்பார். இழப்பீடு கேட்டுப் போனாலும் அதே கேள்விதான். கையில ஒரு காகிதம் இருக்காது.

7/ "ரகசியத் தகவல், தரமுடியாது"ன்னு சொல்றவங்களுக்கு: ரகசியம் காக்க வேண்டியது மத்தவங்ககிட்ட இருந்து, நோயாளிகிட்ட இருந்து இல்லை. மருத்துவ அறையில எல்லாரும் ஒரே பாஸ்வேர்டுல உள்ளே போனா அந்த ரகசியமும் கிடையாது. கெர்னலுக்கு அவங்க எல்லாரும் ஒரே ஆள்தான்.

8/ அதனால, பரிசோதனை முடிஞ்சதும் எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கிற டெஸ்ட், காது டெஸ்ட் எல்லாத்துக்கும் நகல் கேளுங்க. எழுதிக் கொடுத்துக் கேளுங்க. தேதியோட போன்ல படம் எடுத்து வைங்க. பக்கத்துல வேலை செய்யற ஒடிசா, பீகார் தம்பிக்கும் அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.