பிள்ளைகளின் கைத்தொலைபேசியும் பெற்றோரின் முன்மாதிரியும்

பதினாறு வயதிற்குக் குறைந்தவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், செப்டெம்பர் 7 ஆம் திகதி, கணினியுடனும் இணையத்துடனும் வளர்ந்து 15 ஆவது வயதில் மறைந்த கார்லோ அக்குதிஸ் என்ற இளைஞரைப் பாப்பரசர் பதினான்காம் லியோ வத்திக்கானில் புனிதராகப் பிரகடனப்படுத்தினார். ஓர் அரசாங்கம் சிறுவர்களுக்கு இணையத்தின் வாசலொன்றை மூட, திருச்சபையோ இணையத்தைப் பயன்படுத்திய ஒரு சிறுவனைப் பீடத்தில் உயர்த்தியுள்ளது. பிள்ளைகளைக் கிறிஸ்தவ விழுமியங்களுடன் வளர்க்க விரும்பும் பெற்றோர் இவ்விரண்டில் எதனைப் பின்பற்றுவது என்ற கேள்வி எழுவது இயல்பானதே.

அவுஸ்திரேலியச் சட்டம் பெற்றோரையோ பிள்ளைகளையோ தண்டிப்பதில்லை. கணக்குகளைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனங்களுக்கே 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை அபராதம் விதிக்க அது இடமளிக்கின்றது. பிள்ளைகளின் கவனத்தை விற்று இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் மீது பொறுப்பைச் சுமத்தியமை வரவேற்கத்தக்கதாகும். எமது நாட்டில் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட போது, விவாதம் பெரும்பாலும் கருத்துச் சுதந்திரத்தைச் சுற்றியே அமைந்தது. சிறுவர்கள் பற்றிய அக்கறை பின்தள்ளப்பட்டது. எவ்வாறாயினும் சட்டம் சில ஆபத்துகளை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கலாமே தவிர, நல்லொழுக்கத்தை உள்ளத்தில் விதைக்க அதனால் இயலாது.

எமது வீடுகளில் கைத்தொலைபேசி பிள்ளைகளின் கைக்கு வந்த விதமும் நினைவிற் கொள்ளப்பட வேண்டியதாகும். கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், வட்ஸ்அப், சூம் ஆகியவற்றின் ஊடாகவே கற்பித்தல் தொடர்ந்தது. ஆராதனைகளும் மறைக்கல்வியும் கூட அதே திரைக்கு வந்தன. வெளிநாடுகளில் தொழில் புரியும் தாய் அல்லது தந்தையின் முகத்தைப் பிள்ளை காண்பதும் அதன் மூலமே. ஆகவே கைத்தொலைபேசியைச் சாத்தானின் கருவி என ஒரே வசனத்தில் ஒதுக்கிவிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது.

கார்லோவின் வாழ்க்கையையும் இந்நோக்கிலேயே வாசிக்க வேண்டும். 1991 இல் லண்டனில் பிறந்து இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்த அவர், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் ஒன்றை அமைத்தார். வீடியோ விளையாட்டுகளில் விருப்பம் கொண்டிருந்தும் அதனை வாரத்தில் ஒரு மணித்தியாலத்திற்கு மட்டுப்படுத்திக் கொண்டார் எனச் சொல்லப்படுகின்றது. 2006 ஒக்டோபர் 12 ஆம் திகதி இரத்தப் புற்றுநோயினால் காலமானார். ஆனால் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அவருடைய தாயாரைப் பற்றியதாகும். தாம் ஆலயத்திற்கு அரிதாகவே சென்றவர் என்றும், மகனின் கேள்விகளுக்குப் பதிலளிக்க முடியாமையினாலேயே இறையியல் கற்கத் தொடங்கியதாகவும் அவர் பகிரங்கமாகக் கூறியுள்ளார். "கார்லோவைப் போல இரு" என்று பிள்ளையிடம் சொல்வது எளிது. பிள்ளைக்காகத் தாமே கற்கப் புகுந்த அத்தாயைப் போல இருப்பது எளிதன்று.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இவ்விடயம் பேசப்படும் போதெல்லாம் ஆபாசக் காட்சிகளும் நேர விரயமுமே முன்வைக்கப்படுகின்றன. அவை பாரதூரமானவை என்பதில் ஐயமில்லை. எனினும் கிறிஸ்தவ விழுமியத்தின் கடினமான பரீட்சை வேறிடத்தில் உள்ளது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களும் கொழும்பின் விடுதிகளும் தாக்கப்பட்டதில் 250 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அன்றே அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அடுத்த மாதம் முகநூல் பதிவொன்றைத் தொடர்ந்து சிலாபத்தில் தோன்றிய பதற்றம், வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்படும் நிலைக்கு இட்டுச் சென்றது. பழிவாங்கலில் ஈடுபட வேண்டாமென கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை மக்களைக் கேட்டுக்கொண்டார்.

அந்நாட்களில் துயரமும் அச்சமும் நிறைந்த வீடுகளுக்குள் சரிபார்க்கப்படாத எத்தனையோ செய்திகள் வந்து சேர்ந்தன. அவற்றை மற்றவருக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் அல்லர், பெரியவர்களே. பொய்ச்சாட்சியம் கூறுவதைத் தடை செய்யும் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்த பிள்ளை, அன்று மாலை தந்தையின் விரல் எதனை அழுத்தியது என்பதையும் பார்த்துக் கொண்டிருந்தது. பகைவரையும் நேசிக்கும்படி கேட்கும் ஒரு மதத்தை, ஓர் இனத்தை இழிவுபடுத்தும் நகைச்சுவையை வாய்விட்டு வாசிக்கும் வீட்டில் கற்பிக்க முடியாது.

மன்னிப்பு என்ற விழுமியமும் இன்று புதியதொரு அவசரத்தைப் பெற்றுள்ளது. புகைப்படம் ஒன்றைக் காட்டி மிரட்டப்படும் சிறுவரோ சிறுமியோ அந்நியனுக்கு அஞ்சுவதைப் போலவே வீட்டாரின் கோபத்திற்கும் அஞ்சி மௌனம் காக்கின்றனர். அம்மௌனமே குற்றவாளியின் பலமாகும். தவறிய மகனை ஓடிச் சென்று அணைத்த தந்தையின் உவமையை வருடந்தோறும் ஆலயத்தில் கேட்கும் பெற்றோர், தமது பிள்ளை தவறு செய்தாலும் முதலில் தம்மிடமே வரலாம் என்ற நம்பிக்கையை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். அதன் பின்னரே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் பயன்படும்.

ஊடகங்கள் தொடர்பான பெற்றோரின் கடமையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இலேயே வலியுறுத்தியது. அன்று சினிமாவும் வானொலியும் தொலைக்காட்சியும் பேசுபொருளாக இருந்தன. கருவி மாறியுள்ளது, கடமை மாறவில்லை. மாலைச் செபத்தின் போதும் இரவு உணவின் போதும் வீட்டிலுள்ள அனைத்துக் கைத்தொலைபேசிகளும், தந்தையினுடையது உட்பட, ஓரிடத்தில் வைக்கப்படுமாயின் அது ஒரு மணிநேரப் பிரசங்கத்திலும் மேலானதாகும். ஒரு செய்தியை அனுப்பு முன் "இது உண்மையா, இது யாரையேனும் புண்படுத்துமா" என்று பிள்ளை முன்னிலையிலேயே கேட்டுப் பழகுவதும் அவ்வாறானதே.

திருச்சபைகளுக்கும் இதில் பங்குண்டு. ஞாயிறு காலையில் தனியார் வகுப்புகளுடன் போட்டியிட்டுத் தோற்றுவரும் மறைக்கல்வி, பிள்ளைகள் அன்றாடம் உலாவும் டிஜிட்டல் உலகைப் பற்றிப் பேசாதிருக்குமாயின் மேலும் அந்நியப்பட்டுப் போகும். பரீட்சைப் பெறுபேறுக்காக ஞாயிறு ஆராதனையைக் கைவிடச் சொல்லும் பெற்றோர், பிள்ளை திரைக்கு அடிமையாகிவிட்டதென முறையிடும் போது, வாழ்வில் எதற்கு முதலிடம் என்ற பாடத்தைத் தாமே எவ்வாறு கற்பித்தோம் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

பிள்ளையின் கைத்தொலைபேசியில் என்ன இருக்கின்றது என்று சோதிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தமது கைத்தொலைபேசியைப் பிள்ளை பார்த்தாலும் வெட்கப்படாத வாழ்க்கையை வாழும் பெற்றோரே அவ்வுரிமையை அர்த்தமுள்ளதாக்குகின்றனர்.