‘ஒர்க் ஆகல’ன்னு மட்டும் சொன்னா எப்படி?

நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்கள்ல அதிகமா டைப் ஆகுற வாக்கியம் எதுன்னு ஒரு போட்டி வெச்சா, "மச்சி, ஒர்க் ஆகல"ங்கிறதுதான் ஜெயிக்கும். எது ஒர்க் ஆகல, எப்போ இருந்து, என்ன பண்ணும்போது, ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு, ஒண்ணும் இருக்காது. கூட ஒரு அழுற எமோஜி மட்டும் இருக்கும். நாலு வருஷம் பொறியியல் படிக்கிறோம். ஒரு மென்பொருள்ல கோளாறு இருந்தா அதை ஒழுங்கா சொல்லவும், புதுசா ஒரு வசதி வேணும்னா அதைக் கேட்கவும் நமக்கு எந்த செமஸ்டர்லயும் சொல்லித் தரலை. இது பெரிய குறைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்ல, நம்மள்ல பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்கிற ஒரு மென்பொருள் வகையை எடுத்துக்கிறேன்: யூஸ்நெட் டவுன்லோடர்.

யூஸ்நெட் நம்ம எல்லாரையும் விட வயசுல மூத்தது. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துல டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ்னு ரெண்டு மாணவர்கள் யோசிச்சது. 1980-ல் ஓட ஆரம்பிச்சது. வலைதளம்னு ஒண்ணு வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, தலைப்பு தலைப்பா நியூஸ்குரூப் வெச்சு உலகம் முழுக்கப் பேசிக்கிட்டாங்க. அதுல ‘சாக்.கல்ச்சர்.டமில்’னு நமக்கும் ஒரு குரூப் இருந்துச்சு. எழுத்துக்காகக் கட்டின அந்த அமைப்புலயே பின்னாடி பெரிய பெரிய ஃபைல்களையும் துண்டு துண்டா வெட்டிப் போட ஆரம்பிச்சாங்க. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22-ஓட யூஸ்நெட் சேவையை நிறுத்திடுச்சு. ஆனா யூஸ்நெட் நிக்கலை. காசு வாங்கிட்டு சேவை தர்ற நியூஸ் சர்வர்கள் இன்னிக்கும் இருக்கு. (அதுல காப்புரிமை மீறின சரக்கு நிறைய ஓடுது. அந்தப் பஞ்சாயத்து இங்க வேண்டாம். லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. இறக்குறோம்னே வெச்சுக்குவோம்.)

அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித் தர்ற வேலையைத்தான் சாப்-என்இசட்பிடி, என்இசட்பி-கெட் மாதிரி மென்பொருள்கள் பண்ணுது. முதலாவது பைத்தான், ரெண்டாவது சி++. ரெண்டுமே கட்டற்ற மென்பொருள்.

இந்த உதாரணத்தை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த மென்பொருள்ல ‘டவுன்லோட் ஆகல’ன்னு ஒருத்தர் சொன்னா, தப்பு பல நேரம் மென்பொருள்லயே இருக்காது. ஒரு ஃபைல் ஆயிரக்கணக்கான துண்டா இருக்கும். அதுல சிலது சர்வர்ல அழிஞ்சு போயிருக்கலாம். அப்போ சர்வர் 430-ன்னு ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும், ‘அந்தத் துண்டு எங்கிட்ட இல்லை’ன்னு அர்த்தம். கொஞ்சம் துண்டுதான் இல்லைன்னா, கூடவே வர்ற ‘பார்2’ ஃபைலை வெச்சு ரீட்-சாலமன் கணக்குல மீட்டுடலாம். க்யூ.ஆர். கோடு கிழிஞ்சாலும் ஸ்கேன் ஆகுதே, அதே கணக்கு. நிறைய இல்லைன்னா சாப்-என்இசட்பிடி ‘அபார்ட்டட், கேனாட் பி கம்ப்ளீட்டட்’னு சொல்லிட்டு நின்னுடும். பாஸ்வேர்டு தப்புன்னா வர்ற எண் 481. வேற வேற நோய், ஆனா நம்ம வாயில இருந்து வர்றது ஒரே வாக்கியம்: ‘ஒர்க் ஆகல’.

நம்ம பக்கத்து விசேஷம் வேற ஒண்ணு இருக்கு. பொத்தேரியில இருந்து செங்கல்பட்டு வரைக்கும், அந்தப் பக்கம் கேளம்பாக்கம், திருப்போரூர்னு எத்தனை ஹாஸ்டல்! நிறைய கேம்பஸ் வைஃபைல சில போர்ட்டைத் தவிர மத்ததை ஃபயர்வால் அடைச்சிடும். யூஸ்நெட் பேசுறது 119, பாதுகாப்பா பேசுனா 563. ரெண்டும் அடைப்புன்னா ஒண்ணும் நகராது. பல சேவைகள் 443-லயும் கதவு திறந்து வெச்சிருக்காங்க, அதாவது சாதாரண எச்.டி.டி.பி.எஸ். போற அதே கதவு. இந்த விவரம் தெரியாம ஒருத்தன் ‘உங்க சாஃப்ட்வேர் குப்பை’ன்னு எழுதிட்டுப் போவான். நெதர்லாந்துலயோ ஜெர்மனியிலயோ வேலை முடிஞ்சு ராத்திரி உக்காந்து பதில் எழுதுற டெவலப்பருக்கு நம்ம ஹாஸ்டல் ஃபயர்வால் எப்படித் தெரியும்? நாம சொன்னாத்தானே?

கோவளத்துலயோ கொக்கிலமேட்டுலயோ படகு எஞ்சின் பழுது பாக்கிறவர்கிட்ட ‘எஞ்சின் ஓடல’ன்னு போய் நில்லுங்க. உடனே ஸ்பேனரைத் தூக்க மாட்டார். "ஸ்டார்ட்டே ஆகலையா, ஆகி நின்னு போச்சா? கரையிலயா, கடல்லயா? பெட்ரோல் எங்க புடிச்ச?"ன்னு கேட்பார். பாதி நோய் அந்தக் கேள்வியிலயே தெரிஞ்சிடும். பக் ரிப்போர்ட்ங்கிறது அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே நாம பதில் சொல்றது, அவ்வளவுதான். நாம லேப்ல தட்டுற புட்டி மென்பொருளை எழுதின சைமன் டேத்தம் 1999-லயே இதுக்குன்னு ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொல்றதோட சாரம்: நீ பார்த்த கோளாறை நானும் என் கண்ணால பாக்கிற மாதிரி பண்ணு. என்ன செஞ்ச, என்ன எதிர்பார்த்த, என்ன நடந்துச்சு, எந்த வெர்ஷன், எந்த ஓ.எஸ். கூட லாக். சாப்-என்இசட்பிடில லாக் அளவை டீபக்னு மாத்திட்டு, திரும்ப ஒரு தடவை அதே கோளாறை வரவெச்சு, லாகை எடுத்து இணைச்சா போதும். பத்து நிமிஷ வேலை. இந்தப் பத்து நிமிஷத்துல பாதித் தடவை நமக்கே விடை கிடைச்சிடும்.

இது கோளாறு. புது வசதி கேட்கிறது இதைவிடக் கஷ்டம். அங்கதான் நாம ரொம்பவே சொதப்புறோம்.

1991 ஆகஸ்ட் 25 அன்னிக்கு ஹெல்சின்கில ஒரு காலேஜ் மாணவர் யூஸ்நெட்ல, மினிக்ஸ் பத்திப் பேசுற குரூப்ல, ஒரு கடிதம் போட்டார். மினிக்ஸ்ல உங்களுக்குப் புடிச்சது எது, புடிக்காதது எது, சொல்லுங்க, நான் சும்மா பொழுதுபோக்கா ஒரு ஓ.எஸ். பண்ணிட்டு இருக்கேன்னு. அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் வெளியுலகத்துக்கு அறிமுகமானதே ‘என்ன வசதி வேணும்’ங்கிற கேள்வியோடதான். அந்தக் கேள்விக்கு அன்னிக்கு ஒழுங்கா பதில் எழுதினவங்களையும் நான் இன்ஜினியர் கணக்குலதான் சேர்ப்பேன்.

மாமல்லபுரத்துல ஒரு சிற்பப் பட்டறைக்குப் போய் "நல்லா ஒரு சிலை வேணும்"னு சொன்னா ஸ்தபதி சிரிப்பார். நிக்கிறதா, உக்காந்ததா, எத்தனை அடி, எந்தக் கல், கோயிலுக்கா ஓட்டல் வாசலுக்கா, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் அவர் தாலக் கணக்கு போட முடியும். நாம மட்டும் ‘இன்னும் ஃபாஸ்டா இருந்தா நல்லாருக்கும்’னு எழுதுறோம். அதைவிட "ராத்திரி மட்டும் முழு வேகத்துல இறங்கணும், பகல்ல கிளாஸ் நேரத்துல வேகம் குறையணும், ஏன்னா ஒரே வைஃபைல நாலு பேர் இருக்கோம்"னு எழுதினா அதுல ஒரு காரணம் இருக்கு. அப்படி எழுதினா வர்ற பதில் என்ன தெரியுமா? ‘அந்த வசதி ஏற்கனவே இருக்கு, ஷெட்யூலிங் பக்கத்தைப் பாருங்க.’ ஆமா, இருக்கு. கேட்கிறதுக்கு முன்னாடி தேடுறதும் மரியாதைதான்.

மரியாதைன்னு ஏன் சொல்றேன்னா, எதிர்ல இருக்கிறது கம்பெனி இல்லை, மனுஷன். என்இசட்பி-கெட்டை 2004-ல் ஒருத்தர் ஆரம்பிச்சார். 2007-ல் இருந்து ஆந்திரேய் பிரிகுன்கோவ்னு ஒருத்தர்தான் பெரும்பாலும் தனியா இழுத்துட்டு வந்தார். 2022 கடைசியில அதோட கிட்ஹப் களஞ்சியம் ஆர்க்கைவ் ஆயிடுச்சு. படிக்கலாம், ஆனா புது வேலை எதுவும் அதுல நடக்காது. பிறகு வேறொரு குழு கோடை எடுத்து, புதுப் பதிப்பு விட ஆரம்பிச்சாங்க. கோடு திறந்திருந்ததால பொழைச்சது. நம்ம சீனியர்கள் பண்ணின எத்தனை ஃபைனல் இயர் ஆப், வைவா முடிஞ்ச மறுநாள்ல இருந்து அனாதையா கிடக்கு? அதுக்கு ஒரு யூசர் கூட இல்லை, குறை சொல்லக்கூட ஆள் இல்லை.

"இங்கிலீஷ்ல எழுதணுமே"ன்னு பயப்படுறவங்க நம்ம கிளாஸ்ல நிறைய பேர். தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க பக் இருக்குன்னு தெரிஞ்சும் எழுதாம விட்டுடுறாங்க. உண்மையில பக் ரிப்போர்ட்டுக்குத் தேவை இலக்கணம் இல்லை, வரிசை. ஸ்டெப் ஒண்ணு, ஸ்டெப் ரெண்டு, வந்த எர்ரர், லாக். லாகுக்கு எந்த மொழியும் தெரிய வேண்டாம். டெவலப்பர்களே பல பேர் இங்கிலீஷைத் தாய்மொழியா பேசாதவங்கதான். அப்படியும் தயக்கமா இருந்தா முதல்ல தமிழ்லயே கேட்டுப் பழக இடம் இருக்கு. 2012-ல் இருந்து ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழ்ல எழுதிட்டு வருது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகள்ல இணையத்துல தமிழ்லயே கூடிப் பேசுது. 2019-ல் பிரியுற வரைக்கும் நாமளும் காஞ்சிபுரம் மாவட்டம்தானே, உரிமையோட போய் உக்காரலாம்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா வருஷமும் மினி ப்ராஜெக்ட்னு அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தைப் பேரை மாத்தி வாங்கிக்கிறீங்க. அதுக்குப் பதிலா ஒரு மாணவர் ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருள்ல ஒரு கோளாறைக் கண்டுபிடிச்சு, திரும்ப வரவெச்சு, லாகோட எழுதி, டெவலப்பர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அந்தக் கோளாறு சரியாகுற வரைக்கும் கூட நின்னா, அதுக்கு இன்டர்னல் மார்க் கொடுங்க. தேதியோட எல்லாம் கிட்ஹப்ல பொதுவா இருக்கும், யாரும் காப்பி அடிக்க முடியாது. திருத்துறது உங்களுக்கும் சுலபம். முதல்ல மூணாவது வருஷத்துல ஒரே ஒரு பிரிவுல மட்டும் ஒரு செமஸ்டர் சோதிச்சுப் பாருங்க சார்.