முனிவரின் மறைந்த பாதி

வீரமாமுனிவரை நாம் பாராட்டியே ஒழித்துவிட்டோம் என்பது என் கட்சி.

1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்தோம். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் சதுரகராதி என்பான், தேம்பாவணி என்பான், எகர ஒகரச் சீர்திருத்தம் என்பான், பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்லிச் சிரிப்பான். எல்லாம் சரிதான். ஆனால் 1680-ல் இத்தாலியில் பிறந்த ஒருவர், முப்பது வயதில் கப்பலேறி இத்தனை தூரம் வந்தது அகராதி தொகுப்பதற்காக அல்லவே! அவர் பாதிரியார், இயேசு சபைத் துறவி. எதற்காக வாழ்ந்தாரோ, அதைப் பற்றி அவர் எழுதிய நூல்களின் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேதியர் ஒழுக்கம், வேத விளக்கம், பேதகம் மறுத்தல், ஞானம் உணர்த்துதல். எல்லாம் உரைநடை, எல்லாம் கத்தோலிக்கச் சமய நூல்கள். இவற்றில் முதல் நூலையாவது கதை படிக்கும் நம்மைப் போன்றவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும்.

“மதம் அவருடையது, தமிழ் நம்முடையது, நமக்கு எதற்கு அந்த வம்பு?” என்கிறார் ஒரு நண்பர். பெருந்தன்மையான பேச்சுப் போலத் தோன்றும். உண்மையில் இது மரியாதைக் குறைவு. அப்பரிடம் போய், “சுவாமி, சந்தம் பிரமாதம், சிவனை மட்டும் விட்டுவிடுங்கள்” என்று சொல்வோமா? நம்மாழ்வாரைத் திருமாலிடமிருந்து பிரித்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் ரசிப்போமா? மாட்டோம். முனிவர் விஷயத்தில் மட்டும் விருந்தாளியைத் திண்ணையிலேயே உட்கார வைத்து உபசரித்து, வாசலோடு அனுப்பிவிடுகிறோம்.

அவர் நடமாடிய இடங்களுக்கும் இதே கதிதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் என்று ஒரு சிற்றூர். முனிவர் பணியாற்றிய தலம். பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும்போது எல்லா மதத்தாரும் கூடுகிறார்கள். அங்குள்ள பழைய கோயிலைப் பூசே என்ற பிரெஞ்சுச் சாமியார் 1547-ல் கட்டினார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் அச்சாகி வருகிறது. அந்தப் பூசே பிறந்ததே 1655-ல்! பிறப்பதற்கு நூற்றெட்டு ஆண்டுகள் முன்னமேயே கோயில் கட்டிய மகானை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. புதிய கோயில் 1747-ல் எழுந்தது என்கிறார்கள். முனிவர் கண் மூடியதும் அந்த ஆண்டில்தான். தேர் பார்க்கப் போகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. கல்லுக்கே இந்தக் கவனம் என்றால், ஏட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?

வேதியர் ஒழுக்கம் 1727-ல் எழுதப்பட்டது. வேதியர் என்றதும் உங்கள் மனத்தில் யார் வருகிறார்? வேதம் ஓதும் அந்தணர். இந்தப் புத்தகத்தில் அந்தச் சொல் உபதேசியாரைக் குறிக்கிறது. இதற்குள்ளேயே ஒரு சமூகப் புரட்சி இருக்கிறது. அதை விளக்க வேறொரு கட்டுரை வேண்டும். அன்று ஒரு சாமியாருக்கு எத்தனையோ ஊர்கள். அவர் ஓர் ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். இடையில் எல்லாம் உபதேசியார்தான். ஜெபம் சொல்லித் தரவேண்டும்; சாகக் கிடப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து தேற்ற வேண்டும்; அவசரமானால் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும்; பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைக்க வேண்டும். 1773-ல் போப்பரசர் இயேசு சபையையே கலைத்தாரே, சாமியார்கள் அருகிப்போன அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சமயத்தைத் தாங்கி நின்றவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

இந்த மனிதனை நோக்கித்தான் முனிவர் பேசுகிறார். பிறர் ஆத்துமத்தைக் கரையேற்றப் புறப்பட்டவனே, உன் ஆத்துமம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு மதம் ஏது? உபாத்தியாயரைக் கேட்கலாம், மேடையில் முழங்குகிற தலைவரைக் கேட்கலாம், மாதாமாதம் பத்திரிகையில் நீதி எழுதுகிற என் போன்றவனையும் கேட்கலாம். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தனியே இருக்கும்போது எப்படி இருக்கிறான் என்பதைவிட நாவலுக்குச் சிறந்த கரு எது?

நடையையும் சொல்ல வேண்டும். தேம்பாவணியில் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடியபோது, புலவர் சபைக்கு எதிரே அவர் மீசையை முறுக்கிக்கொள்கிறார். இங்கே அந்த முறுக்கு இல்லை. உவமை சொல்லி, கேள்வி கேட்டு, மடக்கி, மறுபடி இரங்கிப் பேசுகிறார். பாட்டுக்கு உரை எழுதவே பெரும்பாலும் பழகியிருந்த தமிழ் வசனம், ஒரு மனிதனைத் தனியே அழைத்து உட்கார வைத்து வாதாடக் கற்றுக்கொண்ட இடங்களில் இது ஒன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு மதுரைக்கு வந்த தத்துவபோதகருக்கும் இதில் பங்கு உண்டு. அவர் நடையில் வடசொல் நெருக்கம் அதிகம்.

மற்ற நூல்கள் இவ்வளவு இதமானவை அல்ல. தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்டார். லுத்தரன் சபையாரிடம் அச்சுக்கூடம் இருந்தது. முனிவரிடம் ஓலையும் எழுத்தாணியும். 1728-ல் வேத விளக்கம் பிறந்தது இந்தப் போட்டியில்தான். எதிரியை அடிப்பதில் அவருக்குக் கை கூசுவதே இல்லை. லுத்தேரினத்தியல்பு என்று ஒரு புத்தகத்துக்குப் பெயரே வைத்தார்! அந்தச் சூடு எனக்குப் பிடிக்கவில்லை. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, கத்தோலிக்கர்களுக்கே அந்த மொழி சங்கடம் தருகிறது. ஆகவே வெளியார் மரியாதை கருதி ஒதுக்குகிறோம். உள்ளே இருப்பவர்கள் வெட்கப்பட்டு ஒதுக்குகிறார்கள். நடுவில் புத்தகம் அநாதையாகிறது.

பயப்பட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர். அவரேதான் 1854-ல் சைவ தூஷண பரிகாரம் எழுதி எதிர்த்து நின்றார். படித்தார், பிறகு சண்டை போட்டார். படிக்காமலே சிலைக்கு மாலை போடுகிற வித்தை அவருக்குத் தெரியாது. முனிவரின் வேதத்தை ஏற்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. மறுப்பதற்காகவாவது படியுங்கள் என்கிறேன்.

படிக்க ஒரு தடை இருக்கிறது. பழைய கத்தோலிக்கத் தமிழ் நமக்குப் பழக்கமில்லாதது. சர்வேசுரன் என்றால் கடவுள் என்று ஊகித்துவிடலாம். இஷ்டப்பிரசாதம் என்றால் இறையருள். தேவதிரவிய அநுமானம் என்றால் திருமுழுக்கு முதலான திருச்சடங்குகள். உத்தரிக்கிற ஸ்தலம் என்றால், இறந்தவர் குறை தீர்ந்து தூய்மை பெறும் இடம். பேதகம் என்றால் கொள்கையில் பிரிந்து போதல். இப்படி நூறு சொல்லுக்குப் பொருள் எழுதிப் பின்னால் சேர்த்து, வேதியர் ஒழுக்கத்தை ஒரு நாவலின் விலையில், பஸ்ஸில் கொண்டுபோகிற அளவில் போட வேண்டும். பரமார்த்த குருவின் கதையை 1822-லேயே லண்டனில் பாபிங்டன் ஆங்கிலத்தோடு அச்சிட்டுவிட்டார். சிரிப்புக்கு அத்தனை சீக்கிரம் பதிப்பாளர் கிடைத்தார். இந்தப் புத்தகத்துக்கு, சபைக்கு வெளியே ஒரு பதிப்பாளர் முன்வரட்டும்; முதல் பிரதிக்கு இப்போதே பணம் கட்டத் தயாராக இருக்கிறேன்.