தலைக்குள் கம்பி இருந்தால்...

என் மாமனாருக்கு நடுக்குவாதம். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, மார்புத் தோலுக்கடியில் பாட்டரிக் கருவி பதித்திருக்கிறார்கள். போன மாசம் இடுப்புவலி என்று ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறினோம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். "இடுப்புக்குத்தானே!" என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் கருவியின் அட்டையை நீட்டினேன். உடனே ஸ்கேனை நிறுத்திவிட்டார்கள்!

ஸ்கேனின் ரேடியோ அலையில் கம்பியின் நுனி சூடேறிவிடுமாம். 2005-ல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்றில், இடுப்புக்கு எடுத்ததிலேயே ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசிந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எல்லோருக்கும் தடையில்லை, சகோதரிகளே. மாடலைப் பார்த்து, கருவி வைத்த டாக்டரைக் கேட்டு, செட்டிங் மாற்றி எடுப்பதுண்டு. மூட்டுவலிக்குக் கொடுக்கிற டயதெர்மி மட்டும் கூடவே கூடாது.

அட்டை இப்போ மாமா சட்டைப் பையிலேயே, பஸ் டிக்கெட்டோடு இருக்கிறது.